மண் வாசல், கல் வாசல்

ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் பக்கத்துப் பழைய தோட்டத்து வீடுகளில் வீட்டைவிட வாசல்தான் பெரிதாக இருக்கும். வேகவைத்த மஞ்சளைக் காயப்போட, கடலைக்காய் ஆய, சோளக்கதிர் அடிக்க, கல்யாணத்துக்குப் பந்தல் போட, கோடை இரவில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுப் படுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஓர் இடம்தான். மாட்டு வண்டி வந்து நிற்பதும் அங்கேதான். இத்தனை வேலைக்கும் ஈடுகொடுத்த தரை வெறும் மண். இன்று அதே வீடுகளுக்குப் போனால் சாம்பலும் சிவப்புமாய்ப் பேவர் கல் பதித்த வாசல்தான் கண்ணில் படுகிறது. கார் வழுக்காமல் ஏறி நிற்கிறது. மழை நாளிலும் செருப்பில் சேறு ஒட்டுவதில்லை. இந்த மாற்றத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பேவர் கல்லின் நல்ல குணம் எதுவோ, அதையே பெரும்பாலான வாசல்களில் நாம் பாழாக்கிவிடுகிறோம். எனக்கு வருத்தம் அதில்தான்.

மண் வாசல் சும்மா கிடந்த நிலம் இல்லை. அதற்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. மழைக்காலம் முடிந்து, பொங்கல் நோம்பிக்கு முன்னால், குளத்து வண்டலும் செம்மண்ணும் கொண்டுவந்து கொட்டுவார்கள். கட்டி உடைத்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து ஓர் இரவு ஊறவிடுவார்கள். மறுநாள் கை வைத்தால் ஒட்டாமலும் உதிராமலும் இருக்கும் பதத்தில் திமிசுக் கட்டையால் இடிப்பார்கள். ஒரே தடவையில் கனமாகப் போட்டு இடிப்பதில்லை. கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர், இடி. பிறகு மறுபடி மண். கடைசியில் சாணியைக் கரைத்து மெழுகுவார்கள். சாணியில் இருக்கும் நார்தான் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டு புழுதி கிளம்பாமல் காப்பது.

அந்த வாசலின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பார்வைக்குச் சமதளம், ஆனால் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் அது ஒரே பக்கமாகத்தான் நகரும். எங்கள் அம்மாயி வீட்டில் அது வடகிழக்கு மூலையிலிருந்த வாழைக்கும் கிணற்று மேட்டுக்கும் போகும். மழை பெய்தால் முதல் தூறல் மண்ணிலேயே இறங்கிவிடும். பெருமழையின் மிச்சம் வாழைக்குப் போகும். அதையும் மீறியதுதான் தெருவுக்கு. ரசமட்டம் வைத்து யாரும் அதை அளக்கவில்லை. வருடா வருடம் மழையைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்ட வாட்டம் அது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வாசலை நினைத்து ஏங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதை மெழுகியவர்கள் இல்லை. விடியும் முன்னே எழுந்து கூட்டி, சாணி கரைத்துத் தெளித்து, கோலம் போட்டது அம்மாயியும் அத்தைமார்களும்தான். வெள்ளிக்கிழமை, நோம்பி, கல்யாணம், காது குத்து எதுவானாலும் குனிந்த முதுகு நிமிராத வேலை. ஐப்பசி மழையில் குழி விழும். வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. எனவே மண் வாசல் போனதில் அந்தப் பெண்களுக்கு ஒரு விடுதலையும் இருக்கிறது. மாடும் குறைந்துவிட்டது, தெளிக்கச் சாணி ஏது? திமிசு பிடித்த கைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டன. வண்டி நின்ற இடத்துக்குக் கார் வந்துவிட்டது.

மண்ணிலிருந்து நேரே பேவருக்கு யாரும் தாவவில்லை. நடுவில் சிமெண்ட் காலம் ஒன்று இருந்தது. வசதி வந்த வீடுகள் வாசல் முழுக்கக் கான்கிரீட் போட்டன. சிலர் கடப்பைக் கல் பாவினார்கள். நடுநடுவே இடைவெளி விடாமல் போட்ட கான்கிரீட் இரண்டொரு கோடையிலேயே வெடிக்கும். வேப்ப மர வேர் ஒரு பக்கத்தைத் தூக்கும். குழாய் பதிக்க ஒருமுறை உடைத்தால், ஒட்டுப் போட்ட தழும்பு கடைசி வரை போகாது. பாசி பிடித்தால் மண்ணைவிட மோசமாக வழுக்கும். மழைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காமல் அப்படியே தெருவுக்கு ஓடும்.

அதற்குப் பின் வந்ததுதான் பேவர். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பேருந்து நிலையம், கோயில் வெளிப்பிராகாரம் என்று முதலில் பொது இடங்களில் பார்த்தோம். பிறகு தொகுதி நிதியில் ஊருக்குள் சந்து சந்தாகப் பதித்தார்கள். அதைப் பார்த்து வீட்டு வாசலுக்கும் வந்தது.

இந்தக் கல் பிறந்த கதைக்கும் நான் சொல்ல வரும் விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நெதர்லாந்தில் தெருக்களுக்குச் சுட்ட செங்கல் பதிப்பது நெடுநாள் வழக்கம். 1940 மே மாதம் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளில் ராட்டர்டாம் நகரத்தின் நடுப்பகுதி அழிந்தது. போர் முடிந்தபின் கிடைத்த செங்கல் வீடு கட்டவே போதவில்லை. ஆகவே 1950களின் தொடக்கத்தில் செங்கல் அளவிலேயே கான்கிரீட் கல் வார்த்துத் தெருவில் பதிக்கத் தொடங்கினார்கள். அந்த ஊர் மண் இளகிய மண்; தெரு மெல்ல மெல்ல அமிழும். அமிழ்ந்தால் கல்லை எடுத்துவிட்டு, மணலை நிரவி, அதே கல்லை மறுபடி பதிப்பார்கள். இதில் சிமெண்டுக்கு இடமே இல்லை. கல்லுக்கு அடியில் மணல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மணல், சுற்றிலும் நகராத விளிம்பு. இவ்வளவுதான் அந்த முறையின் உயிர். எடுக்கலாம், மறுபடி வைக்கலாம். இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும். கான்கிரீட் தளத்துக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது.

நம் ஊரில் நடப்பது வேறு. காலையில் ஜேசிபி வந்து வாசலைச் சுரண்டும். கிரஷர் தூசி ஒரு லோடு இறங்கும். மதியம் கல் பதிக்கத் தொடங்கி, மறுநாள் மாலைக்குள் முடித்து, சிமெண்ட் பாலைக் கரைத்து இடுக்கில் ஊற்றித் துடைத்துவிட்டுப் போவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த ஐப்பசியில் கார்ச் சக்கரம் ஏறும் இரண்டு தடத்திலும் கல் அமிழ்ந்து தண்ணீர் தேங்கும். இடுக்கில் ஊற்றிய சிமெண்ட் நூல் நூலாக வெடித்திருக்கும். குறை கல்லின்மேல் விழும். கல் பாவம், அது என்ன செய்யும்? அடியில் இடிக்காத மண் இருக்கிறது.

அம்மாயி காலத்தில் திமிசு போட்டவர்களுக்குத் தெரிந்த பாடம்தான் இதற்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஈரம் காட்டி, இடிக்க வேண்டும். நடந்து போகும் பாதைக்கு ஜல்லியும் தூசியும் கலந்த அடித்தளம் இடித்தபின் நாலு அங்குலம் இருந்தால் போதும். கார் ஏறும் இடத்துக்கு ஆறிலிருந்து எட்டு அங்குலம் வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் ஆழமாகத் தோண்டி மண்ணையே மாற்ற வேண்டும். கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும், மேலே எதை வைத்தாலும் அசைத்துப் பார்க்கும். எங்கள் செம்மண் அந்த வகையில் நல்லது.

சென்ற ஆண்டு தை மாதம் உறவினர் வீடு ஒன்றில் வேலை நடந்தபோது கூட இருந்து பார்த்தேன். மேஸ்திரி நடுவயதுக்காரர், பேச்சு குறைவு. அடித்தளத்தை இரண்டு அடுக்காக வைப்ரேட்டர் ஓட்டி இறுக்கிய பிறகு, சுற்றிலும் கெர்ப் கல்லை நட்டு அதற்கு மட்டும் கான்கிரீட் போட்டார். விளிம்பு நகர்ந்தால் நடுவில் உள்ள கல்லெல்லாம் இளகும் என்பது அவர் கணக்கு. பிறகு ஓர் அங்குல இரும்புக் குழாய் இரண்டைத் தரையில் கிடத்தி, நடுவில் மணலைக் கொட்டி, மட்டப்பலகையைக் குழாய்மேல் வைத்து இழுத்தார். மணல் விரித்த விரிப்பாய்ச் சமமாய் நின்றது. வீட்டுப் பையன் ஒருவன் ஓடிவந்து கால் வைத்துவிட்டான். அந்த ஒரு காலடிக்காக அந்தப் பத்தியை மறுபடி கிளறி இழுத்தார். அந்தக் குழியோடு கல் வைத்தால் வைப்ரேட்டர் ஓட்டும்போது அந்த இடம் மட்டும் தாழும் என்றார்.

வீட்டுக்காரப் பெரியவருக்கு மனசு ஆறவில்லை.

“ஏனுங் மேஸ்திரி, மணலோட கொஞ்சம் சிமெண்டைக் கலந்து உட்டா இன்னும் இறுக்கமா நிக்குமுங்களே?”

“நிக்குமுங்க. மழத்தண்ணி அப்புறம் எங்கீங்க போகும்? நாளைக்கு உள்ள பைப்பு ஒடைஞ்சா கல்லைப் பேத்து எடுக்க முடியாதுங்க. ஒடைச்சுத்தான் எடுக்கோணும்.”

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றுப் பக்கம் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

கல் வைப்பவர் மணலில் கால் வைப்பதே இல்லை. வைத்து முடித்த கல்லின்மேல் நின்றுகொண்டே முன்னோக்கி வைத்துப் போகிறார். கல்லை இறக்கி விடுகிறார், தேய்த்து நகர்த்துவதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இரண்டிலிருந்து நாலு மில்லிமீட்டர் இடுக்கு. சில வரிசைக்கு ஒருமுறை நூல் பிடித்து, பிசகியதை ரப்பர் சுத்தியலால் தட்டி நேராக்குகிறார். ஓரத்துக்கு வேண்டிய துண்டுகளைக் கடைசியில் கட்டரில் அறுத்து வைத்தார்கள். எல்லாம் முடிந்து வைப்ரேட்டர் ஓடியதும் கல் கொஞ்சம் கீழே இறங்கி, அடிமணல் இடுக்கு வழியே மேலே எழும்பியது. அப்புறம் காய்ந்த பொடிமணலைக் கொட்டிச் சீமாற்றால் தள்ளித் தள்ளி இடுக்கை நிரப்பி, மறுபடி வைப்ரேட்டர், மறுபடி மணல். இடுக்கு இனி வாங்காது என்கிற வரைக்கும். அந்தப் பொடிமணல்தான் ஒரு கல்லின்மேல் விழும் பாரத்தைப் பக்கத்துக் கற்களுக்குக் கடத்துகிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கல்லும் தனித்தனி.

இந்த வேலைக்கு ஏற்ற மணல் எது என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பவுடர் மிகுந்த கிரஷர் தூசியை விரித்தால் அது தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகும். சக்கரம் ஏற ஏற இடுக்கு வழியே பிதுங்கும். கழுவிய எம்-சாண்ட், கொஞ்சம் கொரகொரப்பானது, நல்லது. கனமும் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம்தான். பள்ளத்தை மணலால் நிரப்பிச் சமாளிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் பாதி வாசல்களைக் கெடுத்தது. பள்ளத்தை அடித்தளத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். கம்பெனிக்குப் போனால் இரண்டு வகை அடுக்கியிருப்பார்கள். ஒன்று மேலே பளபளவென்று இருக்கும். ரப்பர், பிளாஸ்டிக் அச்சில் இளகிய கலவையை ஊற்றி மேசையில் அதிரவைத்து எடுப்பது. இன்னொன்று ஈரம் குறைந்த கலவையை மெஷினில் அழுத்தி எடுப்பது. மேல்முகம் சொரசொரப்பாக இருக்கும். வாங்குகிறவர்கள் கை பளபளப்பின் பக்கமே போகிறது. மழையில் அந்தப் பளபளப்பு வழுக்கும். வண்டி ஓட ஓடத் தேயும். வயதானவர்கள் நடக்கும் வீட்டுக்குச் சொரசொரப்புக் கல்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15658, 2006-இல் வந்தது. நடைபாதைக்கு 50 மில்லிமீட்டர் கனம், எம்-30 தரம்; கார் போன்ற இலகு வண்டிகளுக்கு 60 மில்லிமீட்டர், எம்-35; அதைவிடப் பாரமான நடமாட்டத்துக்கு 80 மில்லிமீட்டர், எம்-40 என்று அது வகுத்தது. நெல் மூட்டையோடு டிராக்டர் ஏறி இறங்கும் தோட்டத்து வாசலுக்கு 60 போதாது, 80 போடுங்கள். எம்-30 என்றால் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்று பொருள். ஆகையால் கல் வார்த்த தேதியைக் கேளுங்கள். போன வாரம் வார்த்த கல்லை இந்த வாரம் ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். ஒன்றை உடைத்து உள்ளே பாருங்கள். ஓட்டை ஓட்டையாக இருந்தால் வேண்டாம். நன்றாகக் காய்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். சராசரியாக நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அந்த நிர்ணயம் சொன்ன வரம்பு. நாலு கிலோ கல் என்றால் 240 கிராம். வீட்டுத் தராசிலேயே பார்த்துவிடலாம்.

வடிவம் பலருக்கு அழகு விஷயம். கார் ஏறும் இடத்துக்கு அது பலத்தின் விஷயமும்கூட. செவ்வகக் கல்லை மீன்முள் போல மாற்றி மாற்றி வைத்தால், வண்டி பிரேக் போட்டுத் திரும்பும்போது கல் நகராது. ஒரே திசையில் வரிசையாக அடுக்கினால் நாளடைவில் வரிசையே வளையும். ஜிக்ஜாக் கல்லும் பல்லோடு பல் மாட்டி நிற்கும். நிறத்தில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. இரும்பு ஆக்சைடு கலந்த சிவப்பும் மஞ்சளும் நாள்படத் தாங்கும். முதல் வருடம் மேலே வெள்ளை பூத்தால் பயப்பட வேண்டாம். சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு தண்ணீரோடு வெளியே வந்து காற்றுப் பட்டு வெளுப்பது அது. மழைகளில் தானே குறையும்.

வாட்டம் நாலடிக்கு ஓர் அங்குலம். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. ஆயிரம் சதுர அடி வாசலில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லிட்டர் தண்ணீர். அதைத் தெருச் சாக்கடைக்கு அனுப்புவதா, கிணற்றுக்கோ போர்வெல் பக்கத்து உறிஞ்சு குழிக்கோ அனுப்புவதா? 2003-இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது மொட்டை மாடிக் குழாயைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். வாசலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஈரோட்டுப் பக்கம் மழை ஏற்கெனவே குறைவு. மாடியில் விழுவதைப் பிடித்துக் குழிக்குள் விட்டுவிட்டு, அதே அளவு பரப்புள்ள வாசலைச் சிமெண்ட் பாலால் அடைத்து வெளியே தள்ளுவது என்ன நியாயம்?

மரத்தையும் விட்டுவிடுகிறார்கள். வேப்ப மரத்தின் அடியை ஒட்டி, மரப்பட்டை உரசக் கல் பதித்த வாசல்களை எத்தனையோ இடங்களில் பார்க்கிறேன். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் போட்ட கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. நம் வீட்டு வேம்புக்கு அந்த ஒரு மீட்டரை விட நீதிமன்றம் சொல்ல வேண்டுமா?

பேவர் வாசல் எடுத்துக்கொண்டதும் உண்டு. பங்குனி, சித்திரை நண்பகலில் வெறுங்காலோடு அதில் நடக்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்கும் சூடு விடாது. கட்டில் போட்டுப் படுத்த இடத்தில் இப்போது யாரும் படுப்பதில்லை. மஞ்சளையும் கடலையையும் படுதா விரித்துத்தான் காயப்போட வேண்டும். கோலம் போடும் பெண்களுக்கு இடுக்குதான் எதிரி. இழுக்கிற கம்பி ஒவ்வொரு இடுக்கிலும் அறுந்து மாவு உள்ளே விழுந்துவிடுகிறது. இதற்கு எங்கள் பக்கம் ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. கேட்டுக்கு நேரே நாலடிக்கு நாலடி மெருகேற்றாத கருங்கல் பலகையை வாசல் மட்டத்துக்குப் பதித்துவிடுகிறார்கள். புள்ளி வைக்க, கம்பி இழுக்க அது போதும். மார்கழியில் பெரிய கோலம் வேண்டுமென்றால் தெருவுக்குத்தான் போகிறார்கள்.

இன்னொரு வழியையும் சில வீடுகளில் பார்க்கிறேன்; எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கார்ச் சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கும், வாசற்படி வரை நடக்கும் பாதைக்கும் மட்டும் கல். மீதி அப்படியே மண். செலவும் பாதியாகிறது, மழையும் இறங்குகிறது. உறவினர் வீட்டுப் பெரியவர் முதலில் முழு வாசலுக்கும் கல் என்று பேசி, வேலை தொடங்கும் முன் கிணற்றடியை மட்டும் மண்ணாகவே விட்டுவிட்டார். தண்ணீர் அங்கே போய்ச் சேரும்படிதான் கல்லின் வாட்டமும் அமைந்தது.

கல் பதிக்கத் தை முதல் சித்திரை வரை நல்ல காலம். மண் காய்ந்திருக்கும், இடுக்கில் மணல் ஈரமில்லாமல் இறங்கும். முதல் பெருமழை முடிந்ததும் இடுக்கு மணல் அரை அங்குலம் கீழே போயிருக்கும். அப்போது ஒருமுறை மணல் தூவிக் கூட்டி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் புல் முளைக்கும், எறும்பு அடிமணலைத் தோண்டி மேலே கொட்டும். சதுர அடிக் கூலியில் இந்த வேலையைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள். மிச்சமான கல்லில் இருபது, முப்பதை எடுத்துப் பின்கட்டில் அடுக்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து அதே அச்சில் கல் கிடைக்காது.